பல்லுக்கு மேலே ஓர் அறை



ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு வலப்பக்க மேல் கடைவாய்ப் பல் உடைந்து, வேர் மட்டும் ஈற்றுக்குள் நிற்கிறது. பட்டணத்துப் பல் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். டாக்டர் பார்த்தார். சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுத்தார். பிறகு பல்லைத் தொடாமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, “அங்கே இன்னொரு படம் எடுப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சகோதரியின் மனக்குறை இது: “ஒரு பல்லுக்கு எத்தனை படம் ஐயா? போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறது. டவுனில் ஒருவர் வீட்டிலேயே வைத்து ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிடுவார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். அங்கே போகலாமா?”

போகாதீர்கள், சகோதரி. அந்தக் கிளினிக் டாக்டர் உங்களை அலைக்கழிக்கவில்லை. தம் கைக்கு மீறியது எது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டவர் அவர். ஏன் நிறுத்தினார், அந்த இரண்டாவது படத்தில் என்னதான் தெரியும் என்பதை எல்லா வாசகர்களுக்குமாக இந்த இதழில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இதே சந்தேகம் பல வீடுகளில் உண்டு.

உங்கள் கையை எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில், மேல் பற்களுக்கு மேலே ஓர் எலும்பு தட்டுப்படும். அது கெட்டி எலும்பு என்றுதான் எல்லோரும் நினைப்போம். இல்லை. உள்ளே வெற்றிடம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணீர் கொள்ளும் அளவு இருக்கும். இதைத்தான் டாக்டர்கள் மேல்தாடை சைனஸ் என்கிறார்கள். தலையில் உள்ள சைனஸ் அறைகளில் இதுவே பெரியது. நம் பெரியவர்கள் பீனிசம் என்று சொல்லி ஆவி பிடிக்க வைப்பார்களே, அந்தத் தொல்லை பெரும்பாலும் குடியிருக்கும் வீடு இதுதான்.

இந்த அறைக்கு ஒரு விசித்திரம் உண்டு. அறை என்று இருந்தால் தண்ணீர் போக வழி தரையில்தானே இருக்க வேண்டும்? இதற்கு அப்படி இல்லை. சளி வெளியேறும் துவாரம் மூக்குப் பக்கத்துச் சுவரில், மேலே, கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியென்றால் சளி எப்படி மேலே ஏறும்? அறையின் உள்சுவர் முழுவதும் மெல்லிய தோல் ஒன்று விரித்திருக்கிறது. அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மயிரிழைகள், காற்றில் அசையும் லாலான் புல்லைப் போல ஒரே திசையில் அசைந்து, சளியை மெல்ல மெல்ல மேலே தள்ளிக்கொண்டு போகும். தோல் வீங்கிவிட்டால் துவாரம் அடைபடும். மயிரிழைகளும் ஓய்ந்துவிடும். பிறகு உள்ளே சேருவதெல்லாம் தேங்கி நாறும். குனிந்தால் கன்னம் கனக்கும், தலை குத்தும்.

இனி, தரைக்கு வருவோம். நம் கதையே அந்தத் தரையில்தான் இருக்கிறது.

அந்த அறையின் தரைதான் மேல் கடைவாய்ப் பற்களின் கூரை. பல்லின் வேர் மேல்நோக்கிப் போகிறது அல்லவா? சிலருக்கு வேரின் நுனிக்கும் அறையின் தரைக்கும் நடுவே நல்ல கனமான எலும்பு இருக்கும். சிலருக்கு முட்டை ஓட்டைப் போல ஒரு மெல்லிய தகடு மட்டும் இருக்கும். வேறு சிலருக்கு அதுவும் இல்லாமல், வேர் நுனி அறைக்குள்ளேயே துருத்திக்கொண்டு, மேலே அந்தத் தோல் மட்டும் போர்த்தியிருக்கும். இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர்தான் பொதுவாகத் தரைக்கு மிக நெருக்கம். முதலாம் கடைவாய்ப் பல்லும் அதற்குச் சளைத்ததல்ல. நோயில்லாத அறையில் அந்தத் தோலின் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான்.

பால் மரம் சீவிப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. பட்டையை ஆழமாகச் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆனால் கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் போய்விடும். ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்துச் சீவுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. மேல் கடைவாய்ப் பல்லை எடுக்கும் டாக்டருக்கும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், உங்களுக்கு மரம் கண்ணெதிரே நிற்கிறது. அவருக்கு எல்லாம் ஈற்றுக்கு உள்ளே. கண்ணால் பார்க்க முடியாததைப் படத்தில்தான் பார்க்க வேண்டும்.

பார்க்காமல் இழுத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் “எங்கள் அப்பாவுக்குப் படம் எடுத்தா பிடுங்கினார்கள்?” என்று பலரும் கேட்கிறார்கள். ஆனால் தகடு மெலிந்த இடத்தில், வேர் வளைந்து எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லை முரட்டுத்தனமாக இழுத்தால், பல்லோடு தரையும் பெயர்ந்து வரும். வாய்க்கும் சைனஸ் அறைக்கும் நடுவே ஓட்டை விழும். காபி குடித்தால் மூக்கு வழியாக வரும். பேசினால் காற்று ஒழுகும். இன்னொரு விபத்தும் உண்டு. உடைந்த வேர்த் துண்டைத் தோண்டப் போய், அது மேலே நழுவி அறைக்குள் விழுந்துவிடும். மங்குக்குள் விழுந்த கல்லைக் கவிழ்த்து எடுத்துவிடலாம். இதை எடுக்க வேறொரு அறுவைச் சிகிச்சை வேண்டும். அந்தச் சகோதரியின் கணவருக்கு இருப்பது வேர் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் வைத்துப் பிடுங்குகிறவரிடம் எக்ஸ்ரேயும் இருக்காது, ஓட்டை விழுந்தால் தைத்து மூடும் ஏற்பாடும் இருக்காது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். இங்கிலாந்தில் நத்தானியேல் ஹைமோர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1651-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இந்த அறையைப் படம் வரைந்து விளக்கினார். அவருக்கு முன்பே, 1489-இல், ஓவியர் லியோனார்டோ டாவின்சி ஒரு மண்டையோட்டை அறுத்து இதை வரைந்திருந்தார். ஆனாலும் பெயர் ஹைமோருக்குத்தான் போனது. இன்றும் மருத்துவ மாணவர்கள் “ஹைமோர் குகை” என்று படிக்கிறார்கள். அந்த நூலில் ஹைமோர் ஒரு பெண்மணியின் கதையைச் சொல்கிறார். அந்த அம்மையாருக்கு மேல் கோரைப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழியிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஏன் ஒழுகுகிறது என்று பார்க்க அம்மையார் ஒரு வெள்ளி ஊசியை உள்ளே விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பறவை இறகின் தண்டை எடுத்து உள்ளே செலுத்தினார். ஏறக்குறைய முழுத் தண்டும் உள்ளே போய்விட்டது! மூளைக்கே வழி திறந்துவிட்டது என்று அம்மையார் நடுங்கிப் போனார். ஹைமோர்தான் சமாதானம் சொன்னார்: அது மூளை இல்லை, கன்னத்துக்குள் இருக்கும் வெற்றறை. இறகு அந்த அறைக்குள் சுருண்டு வளைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அம்மையாரின் பயத்துக்குக் காரணம் பல் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமைதான். அதைக் காட்ட அன்றைக்கு யாரிடமும் கருவி இல்லை. இன்னும் 244 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரோண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஜனவரியிலேயே, அதாவது 1896-இல், ஓட்டோ வால்கோஃப் என்ற ஜெர்மானியப் பல் வைத்தியர் தம் வாயையே படம் பிடித்துப் பார்த்துவிட்டார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம். இன்று அதே படம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. கதிரின் அளவும் அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் எங்கேயோ குறைந்துவிட்டது.

இப்போது சகோதரியின் கேள்விக்கு நேராக வருகிறேன். ஒரு பல்லுக்கு எத்தனை படம்?

முதல் வகை, கிளினிக்கில் வாய்க்குள் சின்ன அட்டை வைத்து எடுப்பது. இரண்டு மூன்று பற்கள் மட்டும் தெளிவாகத் தெரியும். சொத்தை எவ்வளவு ஆழம், வேரில் சீழ் கட்டியிருக்கிறதா என்பதற்கு இதுவே போதும். பெரும்பாலான பல் வேலைக்கு இதற்கு மேல் தேவையே இல்லை.

இரண்டாம் வகை, நின்றுகொண்டே எடுப்பது. இயந்திரம் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். காதிலிருந்து காது வரை இரண்டு தாடையும், எல்லாப் பற்களும், இரண்டு சைனஸ் அறைகளின் தரையும் ஒரே படத்தில் விழும். ஆஸ்பத்திரியில் இதை ஓ.பி.ஜி. என்பார்கள். பின்லாந்து நாட்டுப் பேராசிரியர் பாட்டெரோ உருவாக்கிக் கொடுத்த முறை இது. குறைந்த கதிரில் நிறையக் காட்டும் நல்ல படம்.

ஆனால் இந்த இரண்டு படங்களுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. இரண்டுமே நிழல் படங்கள். விளக்குக்கு முன்னால் கையை ஆட்டிச் சுவரில் மான், முயல் காட்டி விளையாடுவோமே, அதைப்போல. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வேர் நுனி சைனஸ் அறையின் நிழலுக்குள் தெரிந்தால், அது உண்மையாகவே அறைக்குள் இருக்கிறதா, அல்லது அறைக்குப் பக்கத்தில் எலும்புக்குள் பத்திரமாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. சந்தேகம் வந்தது என்பதோடு அந்தப் படத்தின் வேலை முடிகிறது. உங்கள் கிளினிக் டாக்டர் நின்றுபோன இடம் அநேகமாக இதுதான்.

மூன்றாம் வகைதான் அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது. சி.பி.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கதிரைக் கூம்பு வடிவத்தில் பாய்ச்சி, தலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, கணினி அவற்றைச் சேர்த்து முழு உருவமாகக் கட்டிக் கொடுக்கும். 1990-களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் பல் வைத்தியத்துக்கென்றே இந்த இயந்திரங்களை உருவாக்கினார்கள். ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போல, டாக்டர் உங்கள் தாடையை எந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டிப் பார்க்கலாம், கத்தியே இல்லாமல்! வேருக்கும் தரைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு என்று அளந்தே சொல்லிவிடலாம்.

அளவோடு அவர் வேலை முடிவதில்லை. கத்தி வைக்கப் போகிறவர் அந்தப் படத்தில் வேறு சிலவற்றையும் தேடுவார். சைனஸ் அறை எல்லோருக்கும் ஒரே ஹாலாக இருப்பதில்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, அறைக்குள் குறுக்கே ஒரு எலும்புச் சுவர் இருக்கும், நம் லயத்து வீட்டில் பலகை வைத்து அறை தடுப்போமே, அதைப்போல. 1910-ஆம் ஆண்டிலேயே ஆண்டர்வுட் என்ற ஆங்கிலேயர் மண்டையோடுகளை வைத்து இந்தத் தடுப்புகளைப் பற்றி எழுதினார். தடுப்பு இருப்பது தெரியாமல் அந்தத் தோலை எலும்பிலிருந்து பிரித்தெடுக்கப் போனால், தடுப்பு இருக்கும் இடத்தில் தோல் கிழியும். அடுத்து, கன்னப் பக்கத்து எலும்புச் சுவரில் ஒரு சிறு இரத்தக் குழாய் ஓடுகிறது. சிலருக்கு அது தடித்திருக்கும். அந்த இடத்தில் எலும்பைத் திறந்தால் இரத்தம் கொட்டும், வேலை கெடும். படத்தில் குழாய் ஓடும் வழி முன்கூட்டியே தெரிந்தால் சற்றுத் தள்ளித் திறக்கலாம். மேலே உள்ள வடிகால் துவாரம் திறந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அது அடைபட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கீழே என்ன செய்தாலும் ஆறாது.

இம்பிளாண்ட் என்னும் திருகுப் பல் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இந்தப் படம் கட்டாயம் வேண்டும். மேல் கடைவாய்ப் பல் போய் ஆண்டுகள் ஆனால், சைனஸ் அறை மெல்லக் கீழே இறங்கி வந்து பல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழேயிருந்து ஈற்று எலும்பும் கரையும். கடைசியில் திருகைப் பிடித்துக்கொள்ள எலும்பே இருக்காது. அப்போது அறையின் தோலை மெல்ல மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்பி வளர வைப்பார்கள். அமெரிக்காவில் 1970-களில் தொடங்கிய சிகிச்சை இது. இதற்கு ஆகும் செலவு நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. நல்ல கழற்றுப் பல் செட் ஒன்றும் மோசமில்லை என்பது என் கருத்து. வசதியுள்ள பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குச் செய்து கொடுக்க முன்வந்தால், “படம் எடுத்தீர்களா, எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது?” என்று முதலில் கேளுங்கள். படமே பார்க்காமல் விலை பேசுகிறவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

வாசகர்களே, இதுவரை பல்லால் சைனஸுக்கு வரும் ஆபத்தைப் பார்த்தோம். நான் இன்னும் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறொன்று.

ஆண்டுக்கணக்கில் பீனிசம் என்று சொல்லிக்கொண்டு, புலித் தைலமும் கோடாலித் தைலமும் தேய்த்துக்கொண்டு, தலைவலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே அநேகம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் மூக்கில் இல்லை, பல்லில் இருக்கிறது. சொத்தைப் பல்லின் வேர் நுனியில் கட்டிய சீழ், மெல்லிய தரையைத் துளைத்து அறைக்குள் கசிகிறது. மேல்தாடை சைனஸ் நோயில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் பல் காரணம் என்று பழைய பாடப் புத்தகங்கள் சொல்லின. பிந்திய ஆய்வுகள் நாட்பட்ட நோயில் அது 40 வரைகூட இருக்கும் என்கின்றன.

இதை எப்படிச் சந்தேகிப்பது? சளிப்பிடித்த பீனிசம் பொதுவாக இரண்டு பக்கமும் வரும். பல்லால் வந்தது ஒரே பக்கம் நிற்கும். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் கெட்டியான சளி, அழுகிய நாற்றம். அந்த நாற்றம் நோயாளிக்கே தெரியும், வாயில் கெட்ட ருசியாகவும் இருக்கும். அதே பக்கத்தில் மேல் பல் ஒன்று சொத்தையாகவோ, வேர்ச் சிகிச்சை செய்ததாகவோ, பிடுங்கியதாகவோ இருக்கும். பல்லில் வலி இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. செத்துப்போன பல் வலிக்காது.

இப்படிப்பட்டவருக்கு மூக்கு வழியாக எத்தனை மருந்து அடித்தாலும், அறுவைச் சிகிச்சையே செய்தாலும், பல்லைக் கவனிக்காவிட்டால் நோய் திரும்பி வரும். சைனஸுக்காக எடுத்த சி.டி. படத்திலேயே பல்லின் கோளாறு தெரிந்திருந்தும், அதைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்காததால் விட்டுப்போவது உண்டு. காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கைப் பார்ப்பார், பல் டாக்டர் பல்லைப் பார்ப்பார். நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தகடு யாருடைய பங்கு? ஆகவே மூக்கு டாக்டரிடம் போகும்போது, “இந்தப் பக்கம் ஒரு சொத்தைப் பல் இருக்கிறது” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பல் டாக்டரிடம் போகும்போது, “இதே பக்கம் மூக்கில் நாற்றம் வருகிறது” என்று சொல்லுங்கள். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கக் கதையும் நடக்கிறது. சளிப்பிடித்து சைனஸ் வீங்கினால், அதன் தரையில் இருக்கும் மேல் பற்கள் நாலைந்தும் சேர்ந்து வலிக்கும். படிக்கட்டில் இறங்கினால், குனிந்தால் வலி கூடும். எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்த நேரத்தில் வலி பொறுக்காமல் நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லி நிற்கிறவர்கள் உண்டு. பல் போய்விடும், வலி போகாது. ஒரு சின்னப் படம் எடுத்திருந்தால் பல்லில் குற்றமில்லை என்று தெரிந்திருக்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு கூட்டம், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் சிகரெட், சுருட்டுப் பிடிக்கிறவர்களும். நம் தோட்டத்துப் பாட்டிமார் பலருக்கு அந்தப் பழக்கம் எதில் கொண்டுபோய் விட்டது என்பது நாம் அறிந்ததே. மேல் ஈற்றில் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன கன்னம், ஒரே மூக்கில் இரத்தம் கலந்த சளி இவற்றில் எது இருந்தாலும் பல்லைப் பிடுங்கிப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். எலும்பு அரித்திருக்கிறதா என்பதைப் படம் காட்டும். ஆனால் சி.பி.சி.டி. எலும்பைத்தான் நன்றாகக் காட்டும், சதையைக் காட்டுவதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லை. அப்படிச் சந்தேகம் வந்தால் டாக்டர் பெரிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார், சதையில் சிறிது கிள்ளிச் சோதிப்பார். அப்போதும் “இன்னொரு படமா?” என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

கதிரால் கெடுதி வராதா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பூமியிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் நாம் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கதிர் நம்மேல் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வாய்க்குள் எடுக்கும் சின்னப் படத்தின் கதிர், அப்படி ஒரு நாளில் படுவதைவிடக் குறைவு. ஓ.பி.ஜி. என்றால் இரண்டு மூன்று நாள் அளவு. சி.பி.சி.டி. இயந்திரத்தையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில நாள் முதல் சில மாத அளவு வரை போகும். ஆகவே பயந்து ஓடவும் வேண்டாம், “எல்லாப் படமும் எடுத்துவிடுங்கள்” என்று கேட்டு வாங்கவும் வேண்டாம். பிள்ளைகளுக்குத் தேவை இருந்தால் மட்டும். பிள்ளைத்தாய்ச்சிகள், மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்று சந்தேகம் உள்ளவர்கள், படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

படம் எடுக்கும் நாளில் என்ன நடக்கும்? வலி ஒன்றும் கிடையாது, ஊசியும் கிடையாது. நின்றோ உட்கார்ந்தோ, சின்ன பிளாஸ்டிக் கட்டையைப் பல்லால் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். இயந்திரம் சுற்றி வரும் அரை நிமிடத்துக்குள், தலையை ஆட்டாமல் இருக்க வேண்டும். ஆடினால் படம் கலங்கும், திரும்ப எடுக்க வேண்டி வரும். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, கழற்றுப் பல் செட் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உலோகம் படத்தில் வெள்ளைக் கீற்றாக விழுந்து பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். இதில் நம் தாய்மார்களுக்கு ஒரு சங்கடம் உண்டு, தாலிச் சங்கிலி. கழற்ற மனம் வராமல் படமே வேண்டாம் என்று திரும்பிவிட்டவர்களும் உண்டு. அதற்கு முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, சங்கிலியை மாமியாரிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டுப் போகலாம். கயிறு படத்தைக் கெடுக்காது. பழைய மூக்குத்தி திருகு இறுகிப்போயிருந்தால் அதையும் இரண்டு நாள் முன்பே எண்ணெய் விட்டுத் தளர்த்தி வையுங்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு மூக்குத்தியோடு மல்லுக்கட்டுவது பார்க்கப் பாவமாக இருக்கும்.

கிளினிக்கில் கொடுத்த கடிதத்தையும் முதலில் எடுத்த படத்தையும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும், ஐ.சி.யையும்தான். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எலும்பு உறுதிக்கான ஊசி இவற்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவை பல் வேலையையே மாற்றிவிடும். போன நாளுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு கேட்டு வாங்கித் தோட்ட ஆபீசில் கொடுங்கள். சம்பளப் பிடித்தம் பற்றிக் கிராணியிடம் அன்றே பேசிவிடுவது நல்லது.

பல்லை எடுத்த பிறகு, அறைக்குப் பக்கத்தில் வேலை நடந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னால், இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உறிஞ்சுகுழாய் போட்டுக் குடிப்பது, சிகரெட், கொப்பளித்து வேகமாகத் துப்புவது எல்லாம் வேண்டாம். “ஓட்டை இருக்கிறதா பார்ப்போம்” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்க்கிற வேலையைச் சிலர் வீட்டில் செய்கிறார்கள். மூடிக்கொண்டு வரும் ஓட்டையை அதுவே பெரிதாக்கிவிடும். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன ஓட்டை பெரும்பாலும் தானே மூடிவிடும். பெரியதைத் தைத்து மூட வேண்டும். அதுவும் சீழ் பிடிக்கும் முன், சீக்கிரமாக. குடித்த தண்ணீர் மூக்கில் வந்தால் அடுத்த மாதம் சொல்லிய தேதிக்காகக் காத்திராமல் மறுநாளே திரும்பிப் போய்விடுங்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், பாரம் தூக்குகிறவர்கள் எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டரிடமே கேட்டு, எம்.சி. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குனிந்து முக்கித் தூக்கினால் தையல் பிரியும்.

எடுத்த படத்தை ஆஸ்பத்திரி தன் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். தனியார் கிளினிக்கில் எடுத்தால் தட்டில் பதிந்து தரச் சொல்லிக் கேளுங்கள். அதை அடுப்பங்கரைப் பக்கம் வைக்காமல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் பெட்டியில் போட்டு வைக்கலாம். ஐந்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் பார்த்தாலும், அன்றைக்கு எலும்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பால்பல் ஆடுவதைப் பற்றியும் பிள்ளைகள் விரல் சூப்புவதைப் பற்றியும் வந்திருக்கும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.